அக்கா ஒன்றும் செய்யவில்லை

மருந்துக்கடைக்காரர் தன் ஆயுசில் ஒரே ஒரு கதைதான் எழுதினார். அதற்கே இத்தனை பாடு. இன்னொன்றும் எழுதியிருந்தால் கடையை இழுத்து மூடிவிட்டு அதற்கே அலைய வேண்டியதுதான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

கதை ஒன்றும் காவியமில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவருக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அப்பா அம்மா இல்லை. அக்கா மட்டும்தான். அவளுக்கே அப்போது விவரம் தெரிகிற வயது என்று சொல்ல முடியாது. தம்பி உள்ளே கிடந்த நாளெல்லாம் அவள் வெளியே, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பி பிழைத்து, மருந்துப் படிப்புப் படித்து, கடை வைத்து, காதோரம் நரைத்த பிறகு, வாங்க ஆளில்லாத மத்தியான நேரங்களில் அதை எழுதினார். நர்ஸ் போகிறாள், வருகிறாள். காவலாளி கம்பால் தரையைத் தட்டி எழுந்து போகச் சொல்கிறான். பெஞ்சு முனகுகிறது. அக்கா உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் கதவு திறக்கிறது. அவ்வளவுதான். ஒரு பத்திரிகை அதைப் போட்டது. யார் கண்ணிலோ பட்டு, கல்லூரிப் பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே தையல் மெஷினோடு இருந்துவிட்டவள் அவள். அந்தப் புத்தகம் மெஷினுக்கு மேல் பலகையில், நூல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்ல வாயைத் திறப்பதற்குள், "இதுல நான் வர்றேன், தெரியுமா?" என்பாள். தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு மத்தியானம், தோளில் கம்ப்யூட்டர் பையோடு ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். முகம் வாடிப்போயிருந்தது. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல, "வலி சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"வலி இல்ல சார். வினை."

"என்ன வினை?"

"உங்க கதைல அக்காவுக்கு வினையே இல்ல சார்."

"வினை இல்லேன்னா நல்லதுதானேம்மா. புண்ணியம் பண்ணவ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அவளிடம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் செயற்பாட்டு இலக்கண உயராய்வு மையத்தில் ஆய்வாளர். சிறுகதைகளில் வருகிற பாத்திரங்களை இலக்கணத்தால் அளப்பது அந்த மையத்தின் வேலை. ஒரு மனுஷன் நல்லவனா கெட்டவனா, பெரியவனா சின்னவனா என்று படிக்கிறவர்களுக்கு மனசில் படுவது கணக்கில் வராது. அவன் எழுவாயாக நிற்கிற வாக்கியங்களைப் பிரித்து, வினைச்சொற்களை வகைவகையாக எண்ண வேண்டும். வெட்டினான், உடைத்தான் என்றால் செயல் வினை. நினைத்தான், பயந்தான் என்றால் மன வினை. சொன்னான், திட்டினான் என்றால் சொல் வினை. இருந்தான் என்றால் இருப்பு வினை. செயல் அதிகமானால் பாத்திரம் பெரிது.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் பட்டது.

"இல்ல சார். நல்ல கண்ணாடிதான். ஒரு கதைல எல்லாத்தையும் யார் செய்யறாங்க, எல்லாம் யார் மேல வந்து விழுதுன்னு பளிச்சுனு தெரியும். அது பிடிச்சுத்தான் நான் சேர்ந்தேன். ஆனா எங்க மையத்துல அந்தக் கண்ணாடியைத் தூங்கும்போதுகூடக் கழட்ட விடமாட்டாங்க."

பிறகு அவள் முடிவைச் சொன்னாள். மையம் ஆராய்ந்த வகையில் அந்தக் கதையின் கதாநாயகன், காவலாளி. தட்டினான், விரட்டினான், இழுத்தான் என்று செயல் வினைகள் அவனிடம் கொட்டிக்கிடக்கின்றன. அவனுக்கு அடுத்த இடம் பெஞ்சுக்கு.

"பெஞ்சுக்கா?"

"தாங்கியது, முனகியது, ஒரு பக்கமாகச் சாய்ந்ததுன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"ஆணி கழண்டிருந்ததும்மா. அதான் சாஞ்சுது."

"ஆணியைப் பத்தி நீங்க எழுதல."

"சரி, அக்கா?"

அந்தப் பெண் பையின் வாரைத் திருகினாள். "அக்கா பாத்திரம் இல்ல சார். சூழல். அந்தி நேரம், மழை, தாழ்வாரம், அந்த மாதிரி."

மருந்துக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு தலைவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். படித்தவர்கள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், சட்டியில் இருந்தால் அகப்பையில் வரத்தானே செய்யும் என்று அதை அத்தோடு மறந்தும் போனார்.

மறக்க விடவில்லை எதிர்வீட்டுப் பெண். கல்லூரி முதல் வருஷம். ஒருநாள் சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். கதையில் உயர்ந்த பாத்திரம் யார் என்று பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். இவள் அக்கா என்று மூன்று பக்கம் உருகி எழுதியிருக்கிறாள். சுழி.

"காவலாளின்னு எழுதணுமாம் அத்தை. பெஞ்சுன்னு எழுதினவங்களுக்குக்கூடப் பாதி மார்க் போட்டிருக்காங்க. நீங்க பாத்திரமே இல்லையாம், மையத்திலேருந்து அப்படித்தான் எழுதி வந்திருக்குன்னு எங்க மேடம் சொல்றாங்க."

அக்கா அப்போது கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாத்திரம் இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே என்னை யாரும் தேய்க்க வேண்டாம்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் மறுநாள் தையல் மெஷின் மேல் புத்தகம் இல்லை. துணி கொடுக்க வந்தவளிடம் அக்கா, "கை எவ்வளவு நீளம் வைக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி அதைக் கவனித்துவிட்டு, புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "புத்தகம் பெட்டிக்குள்ள போயிடுச்சு. போய் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்களேன். கதை எழுதத் தெரிஞ்சுது, கேக்கத் தெரியாதா?"

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

மையம் பெரிய கட்டடம். வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க செய்பவரா, செயப்படுபொருளா?"

"மருந்துக்கடை."

"அது தொழில். இங்க வேலை பாக்கறவங்க செய்பவர், நீல அட்டை. வெளியேயிருந்து வர்றவங்க செயப்படுபொருள், மஞ்சள் அட்டை." மஞ்சள் அட்டையை அவரே எழுந்து சட்டையில் குத்திவிட்டார். ஊசி லேசாகத் தோலில் பட்டது. "ஆ" என்றார் மருந்துக்கடைக்காரர். "படத்தான் செய்யும்" என்றார் குமாஸ்தா.

உள்ளே தாழ்வாரத்தில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி. சுவரில் ஓர் அறிவிப்பு: 'நீர் ஒழுகுவது கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது.' அந்தத் தாளே நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, அப்பளம்போல நெளிந்திருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதைக் கொட்டினால் தேவலையே என்று அவர் அங்கே போன ஒருவரிடம் சொன்னார். "கொட்டப்படும்" என்று சொல்லிவிட்டு அவர் வாளியைச் சுற்றிக்கொண்டு போனார்.

இரண்டு பக்கமும் பிரிவுகள். செயல் வினைப் பிரிவு பூட்டிக்கிடந்தது. சொல் வினைப் பிரிவில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அது என்றைக்கும் நடப்பதாம். மன வினைப் பிரிவில் ஒருவர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருப்பு வினைப் பிரிவில் ஒருவர் இருந்தார்.

இயக்குநரைப் பார்க்க உச்சி வெயில் சாய்கிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷர். முகத்தில் எப்போதும் ஒரு கனிவு. மருந்துக்கடைக்காரரை உட்காரச் சொன்னார். இல்லை, அமரலாம் என்றார்.

"உங்களுடைய வருத்தம் உணரப்படுகிறது."

"ரொம்ப நன்றி சார். எங்கக்காவை யார் சார் சூழல்னு முடிவு பண்ணது?"

"முடிவு எடுக்கப்பட்டது."

"அதான் சார், யார் எடுத்தாங்க?"

இயக்குநர் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இங்கதான் பொதுமக்களுக்குக் குழப்பம் வருது. இந்த மையம் இத்தனை வருஷமா நடத்தப்பட்டு வருது. ஆயிரக்கணக்கான கதைகள் பிரிக்கப்பட்டிருக்கு. பரிந்துரைகள் அனுப்பப்பட்டிருக்கு, பாராட்டுகள் பெறப்பட்டிருக்கு. ஆனா இந்தக் கட்டடத்துல எந்தத் தனிமனிதரும் எதையும் செஞ்சதா ஒரு புகார் இன்னிக்குவரைக்கும் வந்ததில்லை. அதை நாங்க பெருமையாவே சொல்லிக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். மறுக்க வழியில்லை, வழிந்துகொண்டிருந்த அந்த வாளி ஒன்றே அதற்குச் சாட்சி.

"இப்ப ரெண்டு வழி இருக்கு" என்றார் இயக்குநர். "ஒண்ணு, செயல் இல்லாத பாத்திரம் இளைஞர்கள் மனசைச் சோர்வடைய வைக்கும்ங்கற காரணத்தால பாடம் நீக்கப்படும். இன்னொண்ணு, பாத்திரம் மேம்படுத்தப்படும். நீங்களே மேம்படுத்திக் குடுத்தா நல்லது. பெரிசா ஒண்ணும் வேண்டாம். அக்காவுக்குக் கொஞ்சம் வேலை குடுங்க. எதையாவது எடுக்கட்டும், வைக்கட்டும், உடைக்கட்டும். நாள் முழுக்க ஒரு பொம்பளை சிவனேன்னு உக்காந்திருக்கான்னா, படிக்கறவன் என்ன நினைப்பான்?"

வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரரும் முடிவு செய்தார். புத்தகம் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தால் சரி. கடையில், மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். 'அக்கா கதவைத் தட்டினாள்' என்று எழுதினார். இருமல் மருந்துக்கு ஒருவர் வந்தார். கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், 'தட்டினாள்' என்பது வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த மருந்துபோல அந்த வரியில் உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டு, 'அக்கா காவலாளியைத் தள்ளிவிட்டாள்' என்று எழுதினார். சர்க்கரை மாத்திரைக்கு ஒருவர் வந்தார். இப்படி மாத்திரைக்கும் வினைக்கும் நடுவில் நாலைந்து நாள் மல்லுக்கட்டி, ஒருவழியாக எழுதி முடித்து அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஆளை நான் எங்கடா தள்ளினேன்?"

"ஒரு கதைக்குத்தானேக்கா."

"பாவம்டா அவன். விரட்டற மாதிரி விரட்டுவான். பெரிய டாக்டர் அந்தாண்ட போனதும் வந்து, 'நீ உக்காரும்மா, என் வேலை அப்படி'ம்பான். விடியக்காலைல டீ வாங்கிட்டு வந்து பெஞ்சு மேல வச்சுட்டு, தான் வைக்காத மாதிரி நடந்து போவான். நீ அதை எழுதவே இல்ல."

"எனக்குத் தெரியாதேக்கா. நான் உள்ள இல்ல கிடந்தேன்?"

"கேட்டியா என்னை? எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டியா?"

அவர் கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்திருந்தாள் என்பது போதும் என்று நினைத்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து அது அவருக்குச் சுருக்கென்றது.

"அப்புறம் என்ன பண்ண, உக்காந்தே இருந்தியா?"

"உக்காந்துதான் இருந்தேன். உக்காந்திருக்கறதுன்னா உனக்கு அவ்வளவு லேசா இருக்கா? இடுப்பு விட்டுப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் மழைக்காலத்துல வலிக்குது. மருந்து நீதானே குடுக்கற."

அவர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். மையத்துக்குப் போய், முடியாது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"நானும் வர்றேன்" என்றாள் அக்கா. "அந்தச் சூழல் எப்படி இருக்கும்னு அவங்களும் ஒரு தடவை பாத்துக்கட்டும்."

எதுவானாலும் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்று மையம் நாள் குறித்திருந்தது. பாத்திர நிர்ணயக் கூட்டம் என்று அதற்குப் பெயர். அன்றைக்கும் கூரை ஒழுகியது. வாசல் குமாஸ்தாவுக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. தம்பிக்கு மஞ்சள் அட்டை குத்திவிட்டார். அக்காவைப் பார்த்ததும் ஊசியோடு கை அந்தரத்தில் நின்றது.

"சூழலுக்கு அட்டை இல்லைங்களே. செய்பவருக்கு இருக்கு, செயப்படுபொருளுக்கு இருக்கு. இவங்களை எதுல எழுதறது?"

"எழுதாம விடுங்க" என்றாள் அக்கா.

"விட முடியாதும்மா. கூட்டம் நடக்கற அறையோட சேத்துப் போட்டுக்கறேன். அறை, மின்விசிறி, நீங்க."

மின்விசிறியோடு போனதாலோ என்னவோ, உள்ளே அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. தம்பி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், செயல் வினைப் பேராசிரியர், மன வினைப் பேராசிரியர். பிரிவு பூட்டியே இருப்பதால் செயல் வினைப் பேராசிரியரை அன்றுதான் பலரும் பார்த்தார்கள். ஓரத்தில், கம்ப்யூட்டர் முன்னால், முதலில் கடைக்கு வந்த அந்த ஆய்வாளர்ப் பெண்.

"அன்னிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் செயல் வினைப் பேராசிரியர்.

"உக்காந்திருந்தேன்."

"உட்கார்தல். உடம்பை அசைச்சுச் செய்யற செயல். என் பிரிவுக்கு வரும்" என்றார் அவர், ஆசையோடு.

"வராது" என்றார் மன வினைப் பேராசிரியர். "ஒரு தடவை உக்காந்தாச்சு. அதுக்கப்புறம் அசைவே இல்லையே. உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சுங்கறதுதான் கேள்வி. அம்மா, நீங்க கவலைப்பட்டீங்களா, ஏங்கினீங்களா, அஞ்சினீங்களா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"எல்லாம்தான்."

"எல்லாம்ங்கறது வினை இல்லையே."

"உக்காந்திருந்தேன்ல 'உக்கார்' முதல் வினை, 'இரு' துணை வினை" என்று மேசையைத் தட்டினார் செயல் வினைப் பேராசிரியர். "பிரச்சினையே இந்தத் துணைதான். துணை இல்லேன்னா இந்த அம்மாவை நான் இப்பவே எடுத்துப்பேன்."

"துணை இல்லாமத்தான் சார் உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா.

பேராசிரியர் மேசையைத் தட்டுவதை நிறுத்தினார். அக்கா சொன்னது எங்கேயோ போய்ப் பட்டுவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் நினைத்தார். இயக்குநர் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"குறித்துக்கொள்ளப்படட்டும்" என்றார். "பாத்திரம் நேரில் ஆஜராகி, துணை வினை இல்லைன்னு உறுதிப்படுத்தியிருக்கு. பாத்திரமே வந்து சாட்சி சொன்னதா உலகத்துல எந்த மையத்துக்கும் வரலாறு கிடையாது." மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கை தட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதால் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. "சார், நான் கதையை மாத்தறதா இல்ல. நீங்க மாத்தறதுக்கும் சம்மதிக்க மாட்டேன். வேணும்னா பாடத்திலேருந்து தூக்கிடுங்க. சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

இயக்குநர் முகத்தில் கனிவு கூடியதே தவிரக் குறையவில்லை. "உங்க உணர்வு மதிக்கப்படுகிறது. விதி என்னன்னா, கையெழுத்து இடப்படாத பட்சத்தில் இடப்பட்டதாகக் கொள்ளப்படும்."

"அப்ப போட்டா?"

"போட்டாலும் இடப்பட்டதாகத்தான் கொள்ளப்படும்."

கடையில் சில பேர், எந்த மருந்து கொடுத்தாலும் வேண்டாம், சீட்டில் எழுதியதுதான் வேண்டும் என்பார்கள். சீட்டைக் கேட்டால் தொலைந்துவிட்டது என்பார்கள். அவர்களிடம் வருகிற அதே அலுப்பு இங்கேயும் வந்துவிட்டது. "வாக்கா, போலாம்" என்றார்.

தாழ்வாரத்தில் ஆய்வாளர்ப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். வாளிக்குப் பக்கத்தில் நின்று, "நான்தாம்மா எண்ணினேன். வேற யாரும் இல்ல. நான்தான் எண்ணி, நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். செய்தது யார் என்று எழுவாயோடு சொல்லி, அந்தக் கட்டடத்தில் மருந்துக்கடைக்காரர் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அக்கா அவள் கன்னத்தைப் பார்த்தாள். "சாப்பிட்டியா நீ?"

"இல்லம்மா."

"போய்ச் சாப்பிடு முதல்ல."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, நிரம்பியிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வந்து வைத்தாள். குமாஸ்தா, "யார் உத்தரவும்மா?" என்று குரல் கொடுத்தது படியிறங்கும்போது கேட்டது.

புதுப் பதிப்பு அடுத்த பருவத்துக்கே வந்துவிட்டது. கதைத் தலைப்பு அதேதான், எழுதியவராக மருந்துக்கடைக்காரரேதான். எதிர்வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'அக்கா பெஞ்சைத் தூக்கி எறிந்தாள். காவலாளியின் கம்பைப் பிடுங்கி முறித்தாள். தோளால் இடித்துக் கதவை உடைத்தாள். மருத்துவரை இழுத்து வந்தாள். தம்பியைத் தோளில் சுமந்தாள்.'"

படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி கையில் மாவோடு உள்ளேயிருந்து வந்து, அவளும் சேர்ந்துகொண்டாள். "வயிறு தெச்ச புள்ளையைத் தோள்ல போட்டா என்னாகும்?" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருடா இவ? இவ நம்ம வீட்டுக்கு வந்தா நீ கடையை விட்டு ஓடிடுவ." மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காவலாளி டீ வைத்துவிட்டுப் போனது பழைய கதையிலும் இல்லை, இதிலும் இல்லை. இனி எதிலும் வரப்போவதில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சிரிக்க நேரமில்லை. பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, பரீட்சைல இதான் கேப்பாங்களாம். 'கதவை உடைத்த நிகழ்ச்சியின் வழி அக்காவின் ஆளுமையை நிறுவுக.' புத்தகத்துல ஒத்தை வரிதான் இருக்கு. எப்படி உடைச்சீங்கன்னு சொல்லுங்களேன்."

"அவ எங்கம்மா உடைச்சா?" என்று தொடங்கினார் மருந்துக்கடைக்காரர். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"அது பெரிய கதைடி" என்றாள் அக்கா. மெஷினை விட்டு எழுந்து நடுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "கதவு என்ன கதவுங்கற? கோட்டைக் கதவு மாதிரி. இவ்வளவு கனம். முதல் இடிக்கு அசையல. காவலாளி பின்னாடியிருந்து என் சேலையைப் பிடிச்சு இழுக்கறான். நான் பாக்கறேன், உள்ள என் தம்பி. இந்தத் தோளால விட்டேன் பாரு ஒண்ணு!" சுவரில் இடித்தே காட்டினாள். மாட்டியிருந்த நாள்காட்டி ஆடியது. எதிர்வீட்டுப் பெண் மூச்சு விடாமல் எழுதினாள். இடையில், "தாழ்ப்பாள் இரும்பா, பித்தளையா அத்தை?" என்று கேட்டாள். "இரும்பு" என்றாள் அக்கா, யோசிக்காமல். "எழுதிக்கோ. கீல் தெறிச்சுதுன்னும் போட்டுக்கோ."

அந்தப் பெண் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள். அக்கா தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா?" என்றார் அவர்.

"போன தடவை உள்ளதை எழுதித்தானே அந்தப் புள்ளைக்குச் சுழி போட்டாங்க. பாஸ் பண்ணிட்டுப் போகட்டும், பாவம். அவளுக்கு முழு வாழ்க்கை இருக்கு." ஊசியில் நூலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. "நீ மட்டும் நம்பித் தொலைச்சுடாத. இன்னும் கொஞ்ச காலம் போனா நீயே, எங்கக்கா கதவை உடைச்சாள்னு சொல்லிட்டுத் திரிவ."

"நான் எதுக்குக்கா நம்பறேன்?"

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதுடா. விரலால தொட்டா தெறந்துக்கும். அந்தக் காவலாளி அந்தாண்ட போறப்பல்லாம் நான் உள்ள வந்திருக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் அவளையே பார்த்தார். அவர் எழுதிய கதையில் அந்தக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே கிடந்த பையனுக்கு அது அப்படித்தான் தெரிந்திருந்தது. "அப்ப ஏன் வரல நீ?"

"வந்தா என்னைப் பாத்து அழுவ. நீ அப்படித்தானே, என்னைக் கண்டா போதும், உடனே மூக்கு விடைக்கும். அழுதா தையல் பிரிஞ்சுடும்னு நர்ஸ் ஒரு தடவை சொல்லிட்டுப் போனா." நூல் நுழைந்துவிட்டது. இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். "அதான் வரல."

அவருக்கு மூக்கு விடைத்தது. அக்கா அதைப் பார்க்காதவள்போல, துணியை மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்து, மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.